மூன்றாவது சுற்றில் ஒரு டிக்

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. ஒன்பது வருஷமாக எனக்கு எதிர்முனையில் நின்றவள் டேப்பு. அவள் முகத்தை அவள் புருஷனைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலை எங்களுடையது. நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் அழுக்கு மூட்டைகள் வந்து விழும். அங்கிருந்து துவைக்கிற மெஷின்கள், பிழிகிற மெஷின், உலர்த்துகிற மெஷின்கள், இஸ்திரி ரோலர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து மறுகோடியில் எங்கள் மேசைக்கு வரும்போது துணி சூடாக, ரொட்டி மாதிரி மணந்துகொண்டு வரும். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே எங்களுக்கு வேர்த்துக்கொண்டுதான் இருக்கும். பேசினால் எதிரில் இருப்பவளுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசப் பழகிவிட்டோம்.

டேப்பு என்பது நாங்கள் வைத்த பெயர். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் மேலங்கிப் பையிலிருந்து போனை எடுத்துப் பதிவு செய்துவிடுவாள். ஒரு சக்கரம் நொண்டுகிற தள்ளுவண்டி, உலர்த்தும் மெஷினுக்குள் உருளுகிற சட்டைப் பொத்தான், நீராவிக் குழாய் பெருமூச்சு விடுவது, இப்படி. ஆரம்பத்தில் மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கத்தான் பதிவு செய்கிறாள் என்று சிலர் அவள் எதிரில் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவளுக்குத் தேவைப்பட்டது எங்கள் பேச்சு இல்லை, வண்டிச் சக்கரம்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் வருத்தப்பட்டோம்.

அவளுடைய ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். சத்தங்களை வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்பச் சுழலவிடுகிற ஏதோ ஒரு புரோகிராம் அதில் இருந்தது. அதை எப்படி அழிப்பது என்று கேட்கத்தான் டேப்பு மகளுக்குப் போன் செய்தாளாம். அழிக்கவில்லை. மகள் சொல்லி இவளும் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தாள். எழுபது பேர் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு மொழி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் எட்டு விநாடிக்கு மிகாத ஒரு சத்தத்தைப் பொதுவில் போட வேண்டும். அதற்கு லூப் என்று பெயர். யாருடைய லூப்பையும் யாரும் எடுத்து நீட்டலாம், நறுக்கலாம், தலைகீழாக ஓட்டலாம், பத்து பேருடையதைச் சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டலாம். கட்டியதைத் திரும்பப் பொதுவிலேயே வைத்துவிட வேண்டும். குழுவில் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஹெட்போனின் ஒரு முனையை என் காதில் செருகினாள். எங்கள் நொண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடியில் யாரோ ஒருவர் வீட்டுக் குழாய் சொட்டியது. இன்னொருவர் வீட்டுக் கதவு முனகியது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நின்றுவிட்டது.

"இதுல பாட்டு எங்கடி?"

"பாட்டு இல்லக்கா."

"அப்ப என்னதான் இது?"

"பேரு தெரியல. ஆனா கேக்க நல்லா இருக்குல்ல?"

நல்லா இருக்கு என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அன்றைக்கு மதியம் முழுக்க விரிப்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தபோது என் கால் அந்த வண்டியின் கணக்கில்தான் விழுந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

அவள் புருஷன் எங்கள் ஆலையின் ஃபிட்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் ஃபிட்டர்தான், அவர் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மெஷின் ஓடும்போது நீளமான திருப்புளியின் முனையை அதன் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு "பேரிங்" என்பார், அல்லது "பெல்ட்டு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான். மனைவியின் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டால், "சத்தம் வராம பார்த்துக்கறதுக்கு எனக்குச் சம்பளம். இவ என்னடான்னா அந்தச் சத்தத்தைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு வர்றா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் பாத்திரம் கழுவுவது அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

பிழிகிற மெஷினை நாங்கள் ஹைட்ரோ என்போம். ஈரத்துணியைப் போட்டு மூடினால் உள்ளே இருக்கும் பெரிய எஃகுக் கூடை அசுர வேகத்தில் சுற்றித் தண்ணீரை உதறிவிடும். அந்தக் கூடையும் அதன் தொட்டியும் மூன்று குட்டைக் கால்களிலிருந்து தடித்த இரும்புத் தண்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கும். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் மொத்தமும் குலுங்கும். அதைத் தாங்குவது அந்தத் தண்டுகள்தான். ஹைட்ரோவை ஓட்டுகிறவன் என் தம்பி. கூடை வேகம் குறைந்து நிற்கும்வரை மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஏதோ வளர்த்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் நிற்பான்.

வேகம் குறையும்போது ஹைட்ரோ போடும் சத்தம் டேப்புவுக்கு உயிர். உயரத்திலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு முக்கலோடு அடங்கும். ஐந்து மாதத்தில் நான்கு தடவை அதைப் பதிவு செய்து குழுவில் போட்டிருந்தாள். பதினொரு பேர் அதை எடுத்து ஏதேதோ கட்டியிருந்தார்கள். தன் ஆலையின் மெஷின் எங்கெங்கோ யார் யார் வீட்டிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி நான் பார்த்தது, மீதி அவள் சொன்னது.

நான்காவது பதிவைப் போட்ட மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், குழுவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எங்கோ டிராம் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய மொழியைப் போன்தான் இவளுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும். அது கொடுக்கிற தமிழ் ஒரு தினுசாக இருக்கும். ஒருமுறை அவர் பாராட்டியதை, 'உன் சக்கரம் எனக்கு ஈரமான மகிழ்ச்சி' என்று போட்டுவிட்டது. ஆலையில் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தோம்.

இந்தத் தடவை இப்படி வந்திருந்தது: 'உன் பழைய மூன்று சுழற்சிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். சீவிய முடி போலப் படிந்தன. நான்காவது படியவில்லை. ஒவ்வொரு மூன்றாவது சுற்றிலும் ஒரு சின்ன டிக். நீ சேர்த்ததா? அழகாக இருக்கிறது.'

அவள் எதையும் சேர்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். இருந்தது. எஃகு டம்ளரில் நகத்தால் சுண்டினால் வருமே, அத்தனை மெல்லிசாக.

"எனக்கு முதல்ல சந்தோஷமாத்தான்க்கா இருந்துச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "அந்த டிக்க மட்டும் தனியா வெட்டி எடுத்து, அதை வெச்சு ஒரு அரை மணி நேரம் என்னமோ பண்ணிட்டிருந்தேன். மறுபடி போன் அடிச்சுது."

டிராம்காரர்தான். 'நீ சேர்க்கவில்லை என்றால் அதை மெஷின் சேர்த்திருக்கிறது. எங்கள் வண்டியில் புதுச் சத்தம் வந்தால் பயணிகளை இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.'

ஃபிட்டர் அடுப்படியில் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு அறை வீடு. சாப்பாட்டு மேசையில்தான் லேப்டாப், அதன் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்.

"இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள். அவர் வரவில்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் கத்திக் கூப்பிட்டதும் கத்தியோடு வந்து நின்றார்.

"ஹைட்ரோவுல புதுசா ஒரு சத்தம் வருதுங்க."

"யார் சொன்னது?"

"டிராம்காரர்."

"எந்த டிராம்காரர்?"

சொன்னாள். ஃபிட்டர் கத்தியை மேசையில் வைத்தார். "எவனோ எங்கயோ உட்கார்ந்துகிட்டு என் மெஷினுக்கு வைத்தியம் பார்க்கறானா? வெள்ளிக்கிழமைதான் திருப்புளி வெச்சுப் பார்த்தேன். மூணு கால்லயும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நீங்களே கேளுங்க."

ஓட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து ஹைட்ரோ இறங்கியது. டிக். இரண்டு சுற்று. டிக்.

"ஓடுது, நிக்குது. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அந்த டிக்குன்னு வருதே…"

"எங்க வருது?"

சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி ஓட்டினாள். டிக் வரும்போதெல்லாம் விரலால் மேசையைத் தொட்டுக் காட்டினாள். அவர் விரலைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ விரல்ல தட்டறதுதான் எனக்குக் கேக்குது. வேற ஒண்ணும் இல்ல அதுல." கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, அவருக்கு அது நிஜமாகவே கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டிவியை அலறவிடுவது, அடுப்பில் குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தும் திரும்பாமல் இருப்பது, மகள் போனில் பேசினால் "லைன் சரியில்ல" என்று இவளிடம் கொடுத்துவிடுவது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கல்யாணமான ஆம்பளைகளுக்குக் காது அப்படித்தான் என்று நாங்கள் எல்லோருமே பேசிச் சிரித்ததுதான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு எதிரில் நின்று நானூறு விரிப்பு மடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால், கொட்டகையின் நடுவில், என் தம்பி மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. இதை நான் பிறகுதான் யோசித்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் காலைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தாள். சத்தத்தை மெதுவாக ஓட்டினால் அது தடித்துக் கீழே இறங்கும். பெண்குரல் ஆண்குரலாகும். இது அந்த வேலையில் முதல் நாளே கற்றுக்கொள்கிற வித்தை. நான்கு மடங்கு மெதுவாக்கினாள். ஹைட்ரோவின் சத்தம் தூரத்து இடி மாதிரி உருண்டது. டிக் இப்போது டிக் இல்லை. மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவது போல, டொக்.

ஃபிட்டர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் எதுவும் சொல்லாமல் அதை ஓடவிட்டாள்.

ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வலது கைச் சுட்டுவிரல் தொடைமேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. மூன்றாவதில் டொக். மறுபடி எண்ணினார்.

"இது என்னது?"

"நேத்துக் கேட்டோமே, அதேதான். மெதுவா ஓட்டறேன்."

"எப்ப எடுத்தது?"

"போன வியாழக்கிழமை."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டப்பவே இருந்திருக்கு." எண்ணிய விரலை மடக்கிக்கொண்டார். "தண்டு. அந்த மூணு தண்டுல ஒண்ணு வாய் பிளந்திருக்கு. குலுங்கறப்போ அந்த வாய் திறந்து மூடுது. அந்தச் சத்தம்தான்." பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார், "உனக்கு இது மெதுவாக்காமயே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நேத்துக் கேட்டுச்சா?"

"ம்."

ஒரு செருப்பு காலிலேயே இருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலைல சீக்கிரம் எழுப்பு" என்றார்.

புதன்கிழமை நாங்கள் உள்ளே நுழைந்தபோது கொட்டகை ஒரு மாதிரி இருந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. ஹைட்ரோ ஓடவில்லை. அது ஓடாததால் துவைக்கிற மெஷின்களும் துணியை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றிருந்தன. தகரக் கூரையில் தூறல் விழுவது கேட்டது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கூரையில் மழை விழுந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஃபிட்டர் மூன்று கால்களின் உறையையும் கழற்றிவிட்டுத் தரையில் மண்டியிட்டிருந்தார். என் தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். தண்டுகளில் மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தேய்த்து வைத்திருந்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக்கொடுக்கும். எல்லோரும் சுற்றி நின்றோம். முதல் தண்டு வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில், சுவரை ஒட்டி இருந்த காலில், கழுத்துக்குக் கீழே முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைந்து முக்கால்வாசி சுற்றிக்கொண்டு போனது.

"கால்வாசிதான் பிடிச்சிட்டிருக்கு" என்றார் ஃபிட்டர்.

தம்பி விளக்கைக் கீழே வைத்தான். "நேத்து நான் நாப்பது ஓட்டம் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். வேகத்தில் தண்டு அறுந்திருந்தால் அந்தக் கூடை எந்தப் பக்கம் பாய்ந்திருக்கும் என்று சொல்ல அங்கே யாருக்கும் ஃபிட்டர் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சூப்பர்வைசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோட்டைப் பார்த்தார். ஃபிட்டரின் முதுகில் தட்டினார். "இந்தக் காதுக்கு எதுவும் தப்பாதுய்யா! இருபத்தாறு வருஷக் காதுன்னா சும்மாவா?" எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். தம்பி ஃபிட்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

துணி வராததால் எங்களுக்கு வேலை இல்லை. பழைய விரிப்புகளில் கிழிசல் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தோம். சத்தம் இல்லாத கொட்டகையில் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் திடீரென்று தங்கள் குரலைக் கேட்டு வெட்கப்பட்டார்கள். ரோலரில் வேலை பார்க்கிறவளுக்கு இவ்வளவு இனிமையான குரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டேப்பு அன்று எதையும் பதிவு செய்யவில்லை.

மதியம் ஃபிட்டர் எங்கள் மேசையைத் தாண்டி சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போனார். கதவை மூட மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியாது.

"சார், காலைல நீங்க சொன்னது சரியில்ல."

"என்ன சொன்னேன்?"

"காதுன்னு சொன்னீங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கல. வெள்ளிக்கிழமையும் கேக்கல, நேரா ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினப்பவும் கேக்கல. கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி. அவளுக்குச் சொன்னது வேற யாரோ ஒரு டிராம் ஓட்டறவர்."

"டிராமா? ஃபிட்டரே, உட்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"வேணாம் சார். மெல்லிசா வர்ற சத்தம் எனக்குக் கேக்கறதில்ல போலிருக்கு. எவ்வளவு நாளா கேக்கலன்னு எனக்கே தெரியாது. வாராவாரம் நான் கையெழுத்துப் போடறேன். அதை நம்பித்தான் அந்த ஆளு மூடி மேல கைய வெச்சுகிட்டு நிக்கறான். இனி நான் போடறது நியாயமில்ல."

சூப்பர்வைசர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

நான் டேப்புவைப் பார்த்தேன். அவள் கையில் ஒரு விரிப்பு இருந்தது. அதன் மறுமுனை என்னிடம் இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை" என்றாள்.

"நேத்து முழுக்க என் எதிர்ல நின்னியே."

"ஆமா."

"என் தம்பி அங்க நின்னுட்டிருந்தான்."

"தெரியும்க்கா. சொன்னா இவருக்குக் காது போச்சுன்னும் சேர்த்துச் சொல்லணும். அவர் வாயால வரட்டும்னு ஒரு நாள் பார்த்தேன். தப்புதான்."

கையில் இருந்த முனையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

புதுத் தண்டுகள் வர ஐந்து நாளானது. வேறு கிளையிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்து கூடவே நின்று மாட்டினார். அதன்பிறகு வாராந்திரச் சோதனைக்கும் கையெழுத்துக்கும் அவர்தான் வருகிறார். எங்கள் ஃபிட்டருக்கு வேலை போகவில்லை. பம்பு, குழாய், வண்டிச் சக்கரம் என்று கண்ணால் பார்த்துச் செய்கிற வேலைகளைக் கொடுத்தார்கள். திருப்புளியைக் கருவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் நொண்டி வண்டியைச் சரி செய்துவிட்டதில் டேப்புவுக்குத்தான் கொஞ்சம் மனக்கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முனையை அவளும் ஒரு முனையை நானும் பிடித்து, அருகே வந்து, மூலை சேர்த்து, விலகி, பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போனது. தம்பிதான் ஒருநாள் வந்து, "அக்கா, ஒரு நாள் லேட்டா சொன்னாங்கன்னு பார்க்கறியே, சொல்லாமலே இருந்திருந்தா?" என்றான். அவன் உயிர், அவனே விட்டுவிட்டான். நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

மறுநாள் விரிப்பின் நடுவில் அருகே வந்தபோது, "காது டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்துத்தான் போனோம்" என்றாள். அன்றைக்கு நானூறு விரிப்பும் அந்தக் கதையிலேயே மடிந்தன. அருகே வரும்போது ஒரு வாக்கியம், விலகும்போது உதட்டசைவில் ஒரு வாக்கியம்.

சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்களாம். காதில் சத்தம் வந்தால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மாவும் இவளும். ஆரம்பத்தில் சரியாக அமுக்கினார். பிறகு டாக்டரம்மா சத்தம் கொடுக்காதபோதும் அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். பெயில் ஆகிவிடக்கூடாது என்று மனுஷன் ஏமாற்றுகிறார் என்று இவளுக்குத் தோன்றி, தலையைக் குனிந்துகொண்டாளாம்.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். "ஐயா, நான் ஒண்ணும் போடலையே, எதுக்கு அமுக்கறீங்க?"

"விசில் வருதேம்மா."

"என்ன விசில்?"

"எல்லாருக்கும் இருக்குமே, அந்த விசில். வெளிய இருந்தா அவ்வளவா தெரியாது. இந்த ரூமுக்குள்ள ஒரு சத்தமும் இல்லையா, அது மட்டும்தான் கேக்குது. இதை அமுக்கணுமா, வேணாமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "எல்லாருக்கும் இருக்காதுங்க."

ஃபிட்டர் டேப்புவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இல்லையா?" என்று கேட்டார்.

எத்தனை வருஷமாக என்று டாக்டரம்மா கேட்டதற்கு, மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சமயத்தில் ஆரம்பித்தது என்று சொல்லியிருக்கிறார். மகளுக்கு இப்போது இருபத்துநாலு வயது. வருஷக்கணக்காக மெஷின் பக்கத்தில் நின்றதால் வந்தது, போன காது திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், கேட்க உதவும் கருவி மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் வெங்காயம் உரிக்கப் போனார். அவள் லேப்டாப்பைத் திறந்து, "இங்க வந்து உட்காருங்க" என்றாள். திரையில் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் ஒரே ஒரு சத்தம் மேலே ஏறும், கீழே இறங்கும்.

"அந்த விசில் எப்படி இருக்கும்னு காட்டுங்க. இதுவா?"

"இல்ல. இன்னும் மேல."

"இது?"

"இன்னும். நில்லு, தாண்டிட்ட. கொஞ்சம் இறக்கு. சத்தத்தைக் கூட்டு."

கூட்டினாள். மயிரிழையாகக் குமிழை நகர்த்தினாள்.

"அதான்" என்றார். அப்படியே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அதான். அசைக்காத."

வெட்டுக்கிளி கத்துவதற்கும் பழைய டிவி கத்துவதற்கும் நடுவில் ஒரு சத்தம். ஊசி மாதிரி. அரை நிமிஷத்தில் இவளுக்குப் பல் கூசியது. இதையா, இத்தனை வருஷமா, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நான் பேசும்போதும் என்று நினைத்தாளாம்.

"உனக்கும் கேக்குதா?" என்றார்.

"கேக்குது."

"அசிங்கமா இருக்குல்ல?"

"ம்."

அவர் சிரித்துவிட்டார். ஒரு விருந்தாளியை முதல்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தவர் மாதிரி சிரித்தார் என்றாள். "இதையும் உன் ஆளுங்களுக்கு அனுப்பப் போறியா? எட்டு விநாடி?"

"இதை அனுப்ப மாட்டேன். இது நம்ம வீட்டுது."

"சரி, அணைச்சிடு. உனக்குத் தலை வலிக்கும்."

"உங்களுக்கு அணையாதே" என்றாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள், அணைக்கவில்லை. எழுந்து போய் அவர் உரித்துவைத்த வெங்காயத்தை வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, இரண்டு தட்டில் எடுத்து வந்தாள். லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெட்டியிலிருந்து வருவது எது, தன் காதில் இருப்பது எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லையாம். சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.